இரண்டு அச்சங்களும் ஒரு துப்பாக்கியும்

காவல் என்பது மனிதனின் மிகப் பழைய தேவைகளுள் ஒன்று. வேலியும் கதவும் தாழ்ப்பாளும் அந்தத் தேவையிலிருந்து பிறந்தவையே. நம் ஊர்களில் தெருவிளக்கும், அடுத்த வீட்டாரின் விழிப்பும், வாசலில் படுத்திருக்கும் நாயும் பெரும்பாலும் அதற்குப் போதுமானவை. கைத்துப்பாக்கி வேண்டுவோர் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் பெற வேண்டும். தேர்தல் காலங்களில் அதையும் காவல் நிலையத்தில் ஒப்படைக்க நேரிடும். ஆதலால் எத்தகைய துப்பாக்கியை வாங்குவது என்பது நம் குடும்பங்களில் எழுகின்ற கேள்வியே அன்று.

அக்கேள்வி எழுந்த ஒரு வீட்டில் நான் மூன்று மாதங்கள் விருந்தினனாகத் தங்கியிருந்தேன். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் போஸ்மன் என்னும் நகரம். அதன் எல்லையில் என் தங்கை மகனின் வீடு. அவன் அந்நாட்டின் குடியுரிமை பெற்றவன். அவன் மனைவி மருத்துவமனையில் செவிலியாகப் பணிபுரிகிறாள். வாரத்தில் சில நாட்கள் நள்ளிரவில்தான் வீடு திரும்புவாள். பதினைந்து வயதில் ஒரு மகன். நகருக்குத் தெற்கே கேலட்டின் மலைத்தொடர் எழுந்து நிற்கிறது. கோடை விடுமுறைகளில் மூவரும் அம்மலைகளில் நெடுந்தூரம் நடந்து, கூடாரமிட்டுத் தங்குவார்கள். கிரிஸ்லி எனப்படும் பெருங்கரடிகள் வாழும் மலைகள் அவை.

அண்டை வீடொன்றில் இரவில் திருடர்கள் புகுந்தனர். அதே மாதத்தில், அவர்கள் வழக்கமாக நடக்கும் மலைப்பாதையில் கரடியின் புதிய காலடித் தடங்களைக் கண்டனர். இரண்டு அச்சங்களும் ஒன்றாக வந்து சேர்ந்தபோது, “வீட்டுக்கும் மலைக்கும் பொதுவாக ஒரு கைத்துப்பாக்கி வாங்கிவிடலாம் என்று நினைக்கிறேன், மாமா” என்றான் மருமகன்.

அங்கே அது அரிய செயல் அன்று. தற்காப்புக்காக வீட்டில் கைத்துப்பாக்கி வைத்திருப்பது குடிமக்களின் உரிமை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்திருக்கிறது. உரிமம் பெற்ற கடையில் வாங்குபவருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். குற்றப் பின்னணி உண்டா என்று மைய அரசின் பதிவேட்டில் பார்ப்பார்கள். பெரும்பாலும் சில நிமிடங்களில் அச்சோதனை முடிந்துவிடும். பார்வையாளர் விசாவில் சென்றிருந்த என்னைப் போன்றவர்கள், வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் இல்லாதவரை, துப்பாக்கியைக் கையில் வைத்திருக்கவே சட்டம் இடம் தருவதில்லை. எனவே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அவனுடன் கடைக்குச் சென்றேன்.

கடைக்காரர் முதியவர், விற்பதில் அவசரம் காட்டாதவர். மூன்று கேள்விகளைக் கேட்டார். “எதற்கு எதிராக? யாருடைய கையில்? யாரெல்லாம் இருக்கும் வீட்டில்?”

முதற் கேள்வியிலேயே மருமகனின் திட்டம் இரண்டாகப் பிளந்தது. கரடிக்குத் தடித்த தோல், அதன் கீழ் கொழுப்பு, தசை, வலிய எலும்பு. அவற்றையெல்லாம் துளைத்து ஆழமாகச் செல்லும் திண்மையான குண்டு வேண்டும். ஆகவே மலைக்குச் செல்வோர் 1955இல் வெளிவந்த .44 மேக்னம் ரிவால்வரையோ, 10 மில்லிமீட்டர் பிஸ்டலையோ நாடுகிறார்கள். வீட்டின் தேவை இதற்கு நேர்மாறானது. அந்நாட்டு வீடுகளின் உட்சுவர்கள் பெரும்பாலும் மரச்சட்டத்தில் பொருத்திய ஜிப்சம் பலகைகளே. கரடியைத் துளைக்கும் குண்டுக்கு அவை வெறும் அட்டை போன்றவை. திருடனை நோக்கிச் சுட்டது அடுத்த அறையில் உறங்கும் பிள்ளையைச் சென்றடையலாம். எனவே வீட்டுக்கு 9 மில்லிமீட்டர் பிஸ்டலையும், நுனியில் குழிவுடைய, உடலில் பட்டதும் விரிந்து வேகமிழக்கும் குண்டையும் பரிந்துரைக்கிறார்கள். அதுவும் தவறினால் சுவரைத் துளைக்கக் கூடியதே. மலையில் எது சிறப்போ, அதுவே வீட்டில் ஆபத்தாகிறது.

இரண்டுக்கும் நடுவே .357 மேக்னம் ரிவால்வர் ஒன்றை எடுத்து வைத்தார். அதில் வலிமை குறைந்த .38 ஸ்பெஷல் தோட்டாவையும் இடலாம். “இரண்டு வேலையையும் செய்யும், ஆனால் இரண்டையும் அரைகுறையாகத்தான் செய்யும்” என்று அவரே சொன்னார்.

இரண்டாம் கேள்விக்குச் சுடுபயிற்சிக் கூடம் விடை தந்தது. .44இல் மருமகன் சுட்ட முதற்குண்டு இலக்கின் ஓரத்தில் பட்டது. அதிர்வில் குழல் மேல்நோக்கி எழுந்தது. மீண்டும் குறிவைக்க அவனுக்கு நெடுநேரம் ஆயிற்று. பாயும் கரடியோ மணிக்கு 50 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் வரும். மாதந்தோறும் பயிற்சி செய்யாத கையில் வலிய ஆயுதம் வெறும் எடைதான் என்பதை அவன் முகத்தில் கண்டேன்.

அப்படியானால் மலையில் என்ன செய்வது? கடைக்காரர் சுவரில் தொங்கிய ஒரு குப்பியைக் காட்டினார். கரடித் தெளிப்பான் என்று பெயர். அதில் அடைக்கப்பட்டிருப்பது நம் வற்றல் மிளகாய்க்குக் காரம் தரும் அதே பொருள்தான்! தாமஸ் ஸ்மித், ஸ்டீபன் ஹெரேரோ முதலான ஆய்வாளர்கள் அலாஸ்காவில் நிகழ்ந்த கரடி எதிர்கொள்ளல்களைத் தொகுத்து ஆராய்ந்தனர். 2008இல் வெளியான அவர்களது ஆய்வின்படி, பழுப்புக் கரடிகள்மீது தெளிப்பானைப் பயன்படுத்திய நிகழ்வுகளில் 92 விழுக்காட்டில் அவற்றின் தொல்லை நின்றது. அருகில் நேர்ந்த எதிர்கொள்ளல்களில் தெளிப்பான் வைத்திருந்தோரில் 98 விழுக்காட்டினர் காயமின்றித் தப்பினர். அவர்களே 2012இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, துப்பாக்கி கையிலிருந்த 269 நிகழ்வுகளைப் பற்றியது. சுட்டவர்களுக்கும் சுடாமல் இருந்தவர்களுக்கும் விளைவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பதே அதன் முடிவு. தெளிப்பானுக்கும் வரம்பு உண்டு. சுமார் 9 மீட்டர்தான் எட்டும். எதிர்காற்றில் நம் கண்ணுக்கே திரும்பும். பையின் அடியில் கிடந்தால் பயனில்லை, இடுப்பில் இருக்க வேண்டும். எனினும் பதறும் கைக்கு ஒரு புள்ளியைக் குறிபார்ப்பதைவிட ஒரு மேகத்தை எழுப்புவது எளிது. மலையின் அச்சம் அன்றே தீர்ந்தது. இரண்டு குப்பிகளை வாங்கினோம்.

மூன்றாம் கேள்வியை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அதற்கு விடை சொன்னவள் மருமகனின் மனைவி. “நள்ளிரவில் அந்தக் கதவைத் திறப்பவள் நான்தானே?” என்றாள். சற்று நேரம் எவரும் பேசவில்லை.

அவள் சொன்னதைக் கேட்டதும் எனக்கு யோஷிஹிரோ ஹட்டோரி என்ற ஜப்பானிய மாணவனின் நினைவு வந்தது. 1992 அக்டோபர் 17 அன்று, லூசியானா மாநிலத்தின் பேட்டன் ரூஜ் நகரில், விருந்தொன்றுக்குப் புறப்பட்ட அந்தப் பதினாறு வயதுச் சிறுவன் முகவரி தவறி வேறொரு வீட்டின் மணியை அழுத்தினான். அச்சமுற்ற வீட்டுக்காரர் எடுத்து வந்தது .44 மேக்னம் ரிவால்வர். ஒரே குண்டு மார்பில் பாய்ந்தது. குற்றவியல் நீதிமன்றம் 1993இல் வீட்டுக்காரரை விடுவித்தது. சுட வேண்டிய தேவை இருக்கவில்லை என்று 1994இல் உரிமையியல் நீதிமன்றம் கூறி, 6,50,000 டாலருக்கும் மேல் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. அவ்வீட்டாரின் அச்சம் பொய்யன்று. அவர்கள் உண்மையாகவே அஞ்சினார்கள். ஆனால் வாசலில் நின்றவன் அஞ்சத்தக்கவன் அல்லன். அச்சம் உண்மையாக இருப்பதாலேயே ஆபத்தும் உண்மையாகிவிடுவதில்லை. தன்னையும் தன்னைச் சார்ந்தோரையும் காக்கும் உரிமையைத் திருச்சபை மறுக்கவில்லை. தேவைக்கு மிஞ்சிய வன்முறையையே தவறு என்கிறது. அந்தத் தேவையின் அளவை இருட்டில், அரை உறக்கத்தில், இரண்டு நொடிகளுக்குள் யார் அளப்பது?

அவள் இன்னொன்றும் சொன்னாள். அதைச் சொல்லும்போது மகனின் அறையைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அறைக் கதவைச் சாத்திக்கொள்ளும் வயது அவனுக்கு. மருத்துவமனையில் பணிபுரிகிறவள் என்பதால் அவளுக்குக் கணக்குகள் தெரியும். அமெரிக்காவில் 2021இல் துப்பாக்கியால் இறந்தோர் 48,830 பேர். அவர்களுள் 26,328 பேர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள். கலிபோர்னியாவில் 2.6 கோடிப் பேரைக் கணக்கில் எடுத்த ஓர் ஆய்வு 2020இல் வெளிவந்தது. கைத்துப்பாக்கி உடைய ஆண்களிடையே தற்கொலை, இல்லாதவர்களைவிட மூன்று மடங்குக்கும் அதிகம் என்று அது கண்டது. துயரம் எல்லா வீடுகளுக்கும் வரும். சில மணி நேரத்தில் கடந்தும் போகும். அந்தச் சில மணி நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதே கேள்வி. திருடனுக்காக வாங்கும் ஆயுதம், திருடன் வராத ஆயிரம் இரவுகளிலும் அந்த வீட்டிலேயே குடியிருக்கிறது அல்லவா?

மருமகன் சினம் கொள்ளவில்லை. “அப்படியானால் நீயும் பிள்ளையும் தனியே இருக்கும் இரவுகளுக்கு நான் என்ன செய்வது?” என்றுதான் கேட்டான். அதுவும் அன்பில் எழுந்த கேள்வியே. அதைத் தள்ளிவிட எனக்கு உரிமை இல்லை. காவலர் ஊர்தி வந்து சேர நேரமாகும் இடங்களில் வாழ்வோரின் கவலையை, பத்தடி தூரத்தில் அண்டை வீட்டார் இருக்கும் தெருவில் வாழும் நான் எளிதில் எடைபோட இயலாது.

அடுத்த வாரங்களில் அவ்வீட்டில் சில மாற்றங்கள் நிகழ்ந்தன. கதவுச் சட்டத்தில் நீண்ட திருகாணிகளும் வலிய பூட்டும் ஏறின. வாசலில் ஆள் அசைந்தால் எரியும் விளக்கு வந்தது. புறப்படும்போதும் வாசலை அடைந்ததும் அவள் தொலைபேசியில் அழைப்பது வழக்கமாயிற்று. மருமகன் துப்பாக்கிப் பயிற்சி வகுப்பில் சேர்ந்தான். ஒவ்வொரு துப்பாக்கியையும் குண்டு நிரம்பியதாகவே கருது. அழிக்க விரும்பாத எதையும் நோக்கிக் குழலைத் திருப்பாதே. குறிபார்க்கும் வரை விசையில் விரல் வைக்காதே. இலக்கையும் இலக்குக்கு அப்பால் இருப்பதையும் அறிந்துகொள் என்னும் நான்கு விதிகளை அவன் மகனுக்கும் சொல்லிக் கொடுத்தான். நெடுநாட்களுக்குப் பின் தந்தையும் மகனும் ஒரு மணி நேரம் சேர்ந்து பேசியதை அன்றுதான் நான் கண்டேன்.

நான் புறப்படுவதற்கு முன் அவன் ஒரு சிறிய எஃகுப் பெட்டகத்தை வாங்கி, படுக்கையறைச் சுவரில் ஆணியடித்துப் பொருத்தினான். அதைத் திறக்கும் எண் கணவன் மனைவி இருவருக்கு மட்டுமே தெரியும். உள்ளே ஒன்றும் இல்லை. “வெறும் பெட்டகத்தை நாள்தோறும் தவறாமல் பூட்டுகிறேனா என்று ஆறு மாதம் பார்க்கப் போகிறேன், மாமா. அதற்குப் பிறகு இவள் சம்மதித்தால் ஒரு 9 மில்லிமீட்டர் பிஸ்டல். சம்மதிக்காவிட்டால் கடவுச்சீட்டுகளை வைத்துக்கொள்வோம்” என்றான்.

ஆறு மாதங்கள் முடிய இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. அவன் எதை முடிவு செய்வான் என்று நான் கேட்கவில்லை. பெட்டகத்தை இரவுதோறும் பூட்டுகிறான் என்று மட்டும் தங்கை சொன்னாள்.