இடம் பெயர்ந்த பந்தாட்டம்

அரசர் சரித்திரம் எழுதுவார் பலர். விளையாட்டொன்றன் சரித்திரம் எழுதுவார் அரியர். இருபத்தோராண்டு தமிழகத் தலைநகரின் பெயரை உலகெங்கும் ஒலிக்கச் செய்து, பின்னர் மறைந்த சென்னை ஓப்பன் என்னும் டென்னிஸ் போட்டியைப் பற்றி ஈண்டுச் சில கூறப் புகுகின்றோம். பொருநைக் கரையினராகிய உமக்கு இதில் யாது தொடர்பு என வினவும் அன்பர்க்கு இறுதியில் விடை கூறுவோம்.

ஆடவர்க்குரிய உலகத் தொழில்முறைப் போட்டிகளுள் ஒன்றாக 1996-இல் புதுடில்லியில் தோன்றிய இது, மறு ஆண்டே சென்னை நுங்கம்பாக்கத்து அரங்கிற்கு வந்து சேர்ந்தது. பொருளுதவிய கம்பெனிகளுக்கேற்பக் கோல்டு பிளேக், டாட்டா, ஏர்செல் எனப் பெயர் மாறிற்று, அரங்கம் மாறவில்லை. 1997-இல் சுவீடன் தேயத்து டில்ஸ்ட்ராமும், 1998-இல் ஆஸ்திரேலியராகிய ராப்டரும் வாகை சூடினர். சுவிட்சர்லாந்தினராகிய வாவ்ரிங்கா 2011-இலும், பின்னர் 2014 முதல் 2016 வரை தொடர்ந்தும், ஆக நான்கு முறை வென்றார். பிற்காலத்தில் ஜனவரி முதல் வாரமே இதற்குரிய காலமாயிற்று. ஆஸ்திரேலியப் பெரும்போட்டிக்குச் செல்லும் வீரர் சிலர் தம் ஆண்டைச் சென்னையிலே தொடங்கினர்.

வெற்றி தோல்விகளினும் மேலானதொன்றும் அங்கு நிகழ்ந்தது. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை நம் கடற்கரைகளைச் சூறையாடிய சின்னாட்களில் போட்டி நடந்தது. ஸ்பெயின் தேயத்துக் கார்லோஸ் மோயா இரண்டாம் முறையாக வென்று, தாம் பெற்ற பரிசுத் தொகையைத் துயருற்றோர்க்கு ஈந்தார். அவரே 2008-இல் தம் நாட்டு இளைஞராகிய நடாலோடு ஏறத்தாழ நான்கு மணி நேரம் பொருது தோற்றார். மறுநாள் களைப்பு நீங்காது களம் புகுந்த நடாலை ரஷ்யராகிய யூஸ்னி 6-0, 6-1 என வீழ்த்தினார்.

நம் நாட்டினர் நிலை என்ன? இரட்டையர் ஆட்டத்தில் பயஸ், பூபதி இருவரும் ஐந்து முறை வென்றனர். ஒற்றையர் ஆட்டத்திலோ, 2009-இல் சிறப்பு அனுமதி பெற்று நுழைந்த சோம்தேவ் தேவ்வர்மன் இறுதி ஆட்டம் வரை ஏறிக் குரோவேஷியராகிய சிலிச்சிடம் தோற்றார். ஓர் இந்தியரும் ஒற்றையர் பட்டம் பெற்றாரல்லர்.

2017 ஜனவரியில் எமக்குப் பத்து வயது. சென்னையில் வேலை பார்த்த சித்தப்பா இறுதி நாளன்று எம்மை அழைத்துச் சென்றார். போபண்ணாவும் சென்னையைச் சேர்ந்த ஜீவன் நெடுஞ்செழியனும் இரட்டையர் பட்டம் பெற்றதைக் கண்டோம். பவுடிஸ்டா அகுட் என்னும் ஸ்பெயினரிடம் நெடிதுயர்ந்த ரஷ்ய இளைஞர் ஒருவர் தோற்றதையும் கண்டோம். அவ்விளைஞராகிய மெத்வதேவ் 2022-இல் உலகின் முதலிடம் எய்தினார். சேரன்மகாதேவிக்குத் திரும்பியபின், அண்ணனும் யாமும் களத்துமேட்டிற் கோடு கிழித்து, கயிற்றை வலையாகக் கட்டி, பனைமட்டையைச் செதுக்கி ஆடினோம். மறு ஆண்டு அண்ணனையும் அழைத்துச் செல்வதாகச் சித்தப்பா வாக்களித்திருந்தார். மறு ஆண்டு சென்னையில் அப்போட்டியே இல்லை.

காரணம் யாது? அரங்கம் நம்முடையது, முன்னின்று நடத்தியது தமிழ்நாடு டென்னிஸ் சங்கம். ஆயின் போட்டியின் உரிமை ஐ.எம்.ஜி. என்னும் வெளிநாட்டு நிறுவனத்தினது. 2017 ஜூலையில் இடமாற்றம் அறிவிக்கப்பட்டது. மகாராஷ்டிர ஓப்பன் என்னும் பெயருடன் புனேயில் 2018 முதல், 2021 நீங்கலாக, 2023 வரை நடந்து, அங்கும் ஒழிந்தது. மகளிர்க்குரிய வேறொரு சென்னை ஓப்பன் 2022-இலும் 2025-இலும் அதே நுங்கம்பாக்கத்தில் நடந்தது, அதனை வரவேற்போம்.

இனி எம் தொடர்பைக் கூறுவோம். பொருநையில் வெள்ளம் பெருகினும், அணையும் வாய்க்காலும் இல்லையேல் அது கடலையே சேரும். கன்னடியன் கால்வாய் இருத்தலாலன்றோ எம் வயல்கள் விளைகின்றன! இருபத்தோராண்டு உலக வீரர் வெள்ளம் சென்னை வழியே ஓடிற்று. அவ்வெள்ளம் நெல்லைச் சிற்றூர்களுக்குப் பாய எத்துணை வாய்க்கால் வெட்டினோம்? போட்டியை வாங்கலாம், விற்கலாம், பெயர்க்கலாம். ஊர்ச் சிறுவன் கையிற் படிந்த பயிற்சியை எவரும் பெயர்த்துச் செல்லல் இயலாது. ஊர்தோறும் ஓர் ஆடுகளமும், அதனருகே கற்பிப்பார் ஒருவரும் அமைவராயின், மீண்டும் ஒரு பெருவிழா வருங்கால் நாம் காண்போராக மட்டும் அமர்ந்திரோம்.