தண்ணீரில் இறங்கும் உத்தியோகம்

புதுச்சேரிக்குப் போனால் நீங்கள் என்ன செய்வீர்கள்? மணக்குள விநாயகருக்கு ஒரு தேங்காய் உடைப்பீர்கள். ஆயி மண்டபத்தைப் பார்ப்பீர்கள். மாலையில் கடற்கரைச் சாலையில் காந்தி சிலையருகே காற்று வாங்குவீர்கள். நானும் அப்படித்தான் காற்று வாங்கப் போனேன். போன இடத்தில் ஒரு குடும்ப வழக்குக்குப் பஞ்சாயத்துச் செய்ய நேர்ந்தது!

என் சிநேகிதியின் தங்கைக்கு இருபத்திரண்டு வயது. விமானம் ஓட்டும் வர்த்தக லைசென்ஸ் வாங்கிவிட்டாள். நம் நாட்டில் அதற்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். ஆகும் செலவில் ஒரு சிறிய வீடே வாங்கிவிடலாம். பாங்கிக் கடன் தலைக்குமேல் நிற்கிறது. இனி முதல் உத்தியோகம் எது என்பதுதான் வழக்கு.

"பெரிய கம்பெனி கூப்பிடும்வரை காத்திருக்கட்டும்" என்கிறாள் தாயார். பெண்ணுக்கோ நீர்விமானத்தின்மேல் ஆசை. சக்கரத்துக்குப் பதில் படகு போன்ற இரண்டு மிதவைகள். ஓடுபாதைக்குப் பதில் ஏரியோ கடலோ. அவ்வளவுதான் வித்தியாசம்.

"இது ஒன்றும் புதிசு இல்லை, அக்கா. 1910 மார்ச் 28-ல் மார்ஸேய் நகருக்குப் பக்கத்தில் ஆன்ரி ஃபாப்ர் என்ற பிரெஞ்சுக்காரர்தான் இயந்திர விமானத்தை முதன்முதலில் தண்ணீரிலிருந்து கிளப்பினார்" என்றாள். பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர்ப் பெண் அல்லவா, பெருமை போகுமா?

சென்னை வாசகிகளே, உங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வருகிறதே, அந்தச் செங்குன்றம் ஏரியிலும் இரண்டாவது உலக யுத்தத்தின்போது கட்டலினா என்ற பறக்கும் படகுகள் இறங்கின!

"அப்படியானால் இங்கே ஊசுட்டேரியில் இறங்கலாமே?" என்று என் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன்.

"அது பறவைகள் சரணாலயம். பறவையும் விமானமும் மோதினால் இரண்டுக்கும் ஆபத்து. இந்தக் கடலிலும் முடியாது. அலையைப் பாருங்கள். மாலத்தீவில் பவளப் பாறைகள் வளைத்து நிற்பதால் உள்ளே தண்ணீர் அமைதியாக இருக்கும். அதனால்தான் அங்கே இத்தனை நீர்விமானங்கள்."

வேலையின் அழகைச் சொல்லும்போது அவள் கண்கள் பளபளத்தன. மாலத்தீவில் விமானிகள் அரைக்கால் சட்டையும் வெறுங்காலுமாக ஓட்டுவார்களாம். பகலில் மட்டுமே பறப்பது. ஆனால் கஷ்டமும் உண்டு. மிதவைக்குள் கசிந்த நீரைப் பம்பு வைத்து இறைக்க வேண்டும். தண்ணீரில் பிரேக் கிடையாது. அலையே இல்லாமல் கண்ணாடிபோல் நீர் கிடந்தால் அதுதான் பெரிய சங்கடம். எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்று கண்ணுக்குத் தெரியாது. கானடாவிலும் அலாஸ்காவிலும் புது விமானிகள் பலர் முதலில் துறையில் மூட்டை சுமந்து, கயிறு கட்டிய பிறகே ஓட்டும் ஆசனத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"நம் தேசத்திலேயே கிடைக்காதா?" என்றாள் தாயார்.

அங்கேதான் நான் யோசிக்கச் சொன்னேன். அந்தமானில் 2010 டிசம்பரில் 'ஜல் ஹன்ஸ்' தொடங்கியது, நிலைக்கவில்லை. 2013-ல் கேரளத்தின் அஷ்டமுடிக் காயலில் தொடக்க விழா நடந்தது; மீனவர் எதிர்ப்பால் நின்றது. 2020 அக்டோபர் 31-ல் சாபர்மதியிலிருந்து படேல் சிலைக்குப் பறந்த சேவை, அடுத்த ஏப்ரலில் நின்றது. 2024 நவம்பரில் விஜயவாடாவிலும் கொச்சியிலும் வெள்ளோட்டம் பார்த்தார்கள். வெள்ளோட்டத்தை நம்பிக் கடன் கட்ட முடியுமா?

இதுவரை பேசாமல் சுண்டல் தின்றுகொண்டிருந்த ஆயா, கடலைக் காட்டினாள்.

"அங்கே இருந்த பாலம் 1952 புயல்லே விழுந்தது. அப்போ எனக்கு ஏழு வயசு. எங்கப்பா சைகோன் வேலைக்குப் போனப்போ அதிலேயிருந்துதான் படகு ஏறிக் கப்பலுக்குப் போனாராம். கப்பல் எவ்வளவு பெரிசுன்னு எங்க பாட்டி கேக்கலியாம். 'கூட யாரு வராங்க, எத்தனை நாள் வேலை, சம்பளம் ஒழுங்கா வருமா'ன்னுதான் கேட்டாங்களாம்."

ஆயாவின் மூன்று கேள்விகளைவிட நல்ல யோசனை எனக்குத் தோன்றவில்லை. புது விமானி துணை விமானியாகத்தான் உட்காருவார். பக்கத்தில் இருப்பவர் பொறுமையாகக் கற்றுத் தரும் அனுபவஸ்தரா? வருஷத்தில் எத்தனை மணி நேரம் பறக்கக் கிடைக்கும்? மேல்நிலை லைசென்ஸுக்கு 1500 மணி வேண்டுமே! கம்பெனி எத்தனை வருஷமாக நிலைத்து நிற்கிறது, வெளிநாட்டுப் பெண்ணைச் சேர்க்குமா? இவற்றுக்குப் பதில் வரட்டும். அதுவரை பெரிய கம்பெனிகளுக்கும் மனுப் போடட்டும் என்று தீர்ப்புச் சொன்னேன்.

தாயாரும் பெண்ணும் ஒருவழியாகச் சம்மதித்தார்கள். ஆயா மட்டும் விடவில்லை.

"எல்லாம் சரி. விமானம் தண்ணியிலே கவுந்தா? உனக்கு நீந்தத் தெரியுமாடி?"

பெண் திருதிருவென்று விழித்தாள். கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்தவள், கணுக்கால் நனைய நின்றதோடு சரி!

மறுநாள் காலை நான் ஊர் திரும்பும்போது, அவள் நீச்சல் பயிற்சிக்குப் பெயர் கொடுக்கப் போயிருந்தாள். உங்கள் வீட்டுப் பெண்ணும் முதல் உத்தியோகம் தேடுகிறாளா? பளபளப்பைப் பார்த்து மயங்குவதற்குமுன் வீட்டிலுள்ள ஆயாவை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.