வேலியோரத்து வெள்ளி இலை

இஞ்சிவிளையில் பஸ்ஸை விட்டிறங்கி நடந்தால், கேரளம் எங்கே முடிகிறது என்பதைக் கடைப் பலகைகளைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துக்குப் போனது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. பாறசாலையை ஒட்டிய எல்லைக் கிராமங்களில் வீட்டுக்குள் தமிழும் வாசலில் மலையாளமுமாக வாழும் குடும்பங்கள் இன்றும் உண்டு.

அப்படி ஒரு வீடு. ஓய்வுபெற்ற தமிழாசிரியர், அவர் மனைவி. மகன் ராணுவத்தில். இமாசலத்தில் ரோதாங் கணவாய்க்கு அப்பால், லாஹௌலில் வேலை. ஐப்பசியில் விடுப்பில் வந்தவன் ஒரு தீப்பெட்டியில் விதை கொண்டுவந்தான். எடல்வைஸ். இலையும் பூவும் வெள்ளைக் கம்பளி போர்த்திய மலைச்செடி. "அங்க பாறையிடுக்குல நிக்கும் அப்பா. அத பாத்தா ஒரு ஆறுதல்" என்றான்.

விடுப்பு முடிந்து அவன் போனதும், கிணற்றடியில் பாறைத் தோட்டம் எழும்பியது. அடியில் ஓரடிக்கு உடைகல், மேலே ஆற்றுமணல், இடையிடையே கருங்கல். செம்மண்ணின் புளிப்பை முறிக்கச் சிப்பிச் சுண்ணாம்பு. பனிக்காலம் கழிந்ததாக விதை நம்ப வேண்டுமே! ஈர மணலில் பொதிந்து நான்கு வாரம் பிரிட்ஜில் வைத்தார், மீன்குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில்.

பதினொன்று முளைத்தன.

"பனியில கெடந்தத இஞ்ச கொண்டுவந்து நட்டா நிக்குமா?" என்றாள் மனைவி.

"எட்டி, நீ சும்மா இரி."

அவள் கேட்டதுதான் சரி. அந்த வெள்ளை ரோமம் உயரமான மலைகளில் கடும் வெயிலையும் வறண்ட காற்றையும் தடுக்கும் போர்வை. புழுக்கத்தில் அதுவே ஈரத்துணி. குளிர்ந்த இரவில் செடி இளைப்பாறும். இங்கே இரவும் வெக்கை. பகலில் சேர்த்ததை இரவே தின்று தீர்த்துவிடும். சித்திரையில் ஐந்து போயின. இடவப்பாதி மழை பிடித்த முதல் வாரத்தில் மீதியும் அழுகின.

மகன் போனில் கேட்டான். "நல்லாருக்கு மக்கா" என்று சொல்லிவிட்டார். அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

கர்க்கடக மாதம் பிறந்தது. பக்கத்து வீட்டம்மா கிணற்றடிக்கு வந்து, "மாஷே, இவிடெ செறூள உண்டல்லோ" என்றாள். தசபுஷ்பத்தில் ஒன்று, அவளுக்கு வேண்டியிருந்தது. கருங்கல் இடுக்கில் தானாக வந்திருந்த சாம்பல் ரோமச் செடி அது. களை என்று அவர் பலமுறை பிடுங்கிப் போட்டது. சிறுபூளை!

கொங்கு நாட்டில் பொங்கலுக்குக் காப்புக் கட்டுவது இதைத்தான். கல்லடைப்புக்குச் சித்த மருத்துவர்கள் கொடுப்பதும் இதைத்தான். குறிஞ்சிப்பாட்டின் தொண்ணூற்றொன்பது பூக்களில் குரீஇப் பூளை என்று வருவதைச் சிறுபூளை என்றே வகுப்பில் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொடுத்தவர் அவர். வேலியோரம் குனிந்து பார்த்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவரே போன் போட்டு, எல்லாம் அழுகிப்போனதைச் சொன்னார்.

எதிர்முனையில் சற்று நேரம் காற்றின் இரைச்சல் மட்டும்.

"போட்டும் அப்பா. இங்க அது நல்லாத்தான் இருக்கு."

மனைவி போனை வாங்கினாள். "செடி கெடக்கட்டும். நீ எப்படி மக்கா இருக்க?"