நீண்ட பெயரும் சிறிய பெட்டியும்

சிற்றூர் நூலகம் ஒன்றிற்காக நண்பர்கள் நால்வர் சேர்ந்து இரவல் கணக்கு நிரல் ஒன்றை எழுதி வந்தோம். ஜாவா மொழி ஒருங்குறியை ஏற்பதால், மாறிகளுக்குத் தமிழிலேயே பெயரிடத் தீர்மானித்தோம். பின்னாளில் நூலகரே நிரலைத் திறந்து பார்த்தாலும் எது எதுவென்று அவருக்கு விளங்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. அட்டவணை விவரங்களைத் தந்தால் ஜாவா நிரலைத் தானே எழுதித் தரும் சிறு கருவி ஒன்றும் எங்களிடம் இருந்தது. முன்பு சி மொழியில் நாங்களே செய்தது.

ஒரு நாள் அக்கருவி, பிழைச்செய்தி ஏதுமின்றிப் பாதியில் வீழ்ந்தது. விவரக் கோப்பைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே வந்ததில் ஒரே ஒரு பெயர் எஞ்சியது: நூல்பெற்ற_உறுப்பினர்_முகவரி. அடிக்கோடுகள் உட்படக் கண்ணுக்கு இது 17 எழுத்துகள். ஆனால் ஒருங்குறியில் எழுத்தும், அதனோடு சேரும் புள்ளியும் காலும் கொம்பும் தனித்தனிக் குறியீடுகள். யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டுகள். ஆக மொத்தம் 77. கருவியோ ஒரு பெயருக்கு 64 பைட்டுகளே ஒதுக்கியிருந்தது. மிஞ்சியவை அடுத்திருந்த நினைவகத்தைச் சிதைத்துவிட்டன.

பெயரைக் குறுக்குவது கணினித்துறையில் பழைய வழக்கம். 1957-இல் வெளிவந்த ஃபோர்ட்ரானில் பெயருக்கு 6 எழுத்துகளே. 1989-ஆம் ஆண்டின் சி தரம், கோப்புகளுக்கிடையே புழங்கும் பெயர்களில் முதல் 6 எழுத்துகளுக்கு மட்டுமே உறுதி தந்தது. 1999-இல் அது 31 ஆயிற்று. நாங்களும் அம்மரபையொட்டி, இடத்துக்கு மிஞ்சிய பகுதியை வெட்டிவிடுமாறு கருவியைத் திருத்தினோம். அது தடையின்றி ஓடியது, மகிழ்ந்தோம்.

சோதனைக்காக நினைவூட்டல் கடிதங்களை அச்சிட்டபோதுதான் திடுக்கிட்டோம். உறைகளின் மேல் வீட்டு முகவரிக்குப் பதிலாக மின்னஞ்சல் முகவரி! மின்னஞ்சல் இல்லாத முதியோரின் உறைகளில் வெறுமை. நூல்பெற்ற_உறுப்பினர்_முகவரி, நூல்பெற்ற_உறுப்பினர்_மின்னஞ்சல் ஆகிய இரண்டும் வெட்டுண்டு 'ம' என்ற எழுத்தோடு நின்று ஒரே பெயராகியிருந்தன. பின்வந்தது முன்வந்ததை விழுங்கிவிட்டது.

பிறகு, பெயரின் நீளத்தை அளந்து அதற்கேற்ப இடம் ஒதுக்குமாறு கருவியை மாற்றினோம். இடம் கிடைக்காதபோது எந்த வரியில் எந்தப் பெயர் என்று சொல்லிவிட்டு நிற்கவும் பழக்கினோம். கருவி வீழ்ந்த நாளில் அதைச் சபித்தோம். ஆனால் அன்று யாருடைய முகவரியும் தொலைந்துவிடவில்லை. பெயர் மிக நீளம் என்று நால்வரும் குறைபட்டுக்கொண்டோமே, அந்தக் குறை நாங்கள் செய்த பெட்டியில் இருந்தது.