பாதிச் சொத்தும் நான்கு மடங்கும்

இராயபுரம் என்னும் பெயரை நாள்தோறும் சொல்லுகிற நாம், அது ஒரு மீனவரின் பெயர் என்பதை எத்தனை முறை நினைத்திருப்போம்? இராயப்பர் என்று நம் முன்னோர் அன்போடு அழைத்த புனித பேதுருவின் பெயராலேயே இவ்வூர் வழங்கலாயிற்று. அவர் பெயர் தாங்கிய ஊரில் குடியிருக்கும் எங்களுக்கு, வலையை நம்பி வாழ்வோரிடம் நாங்கள் பட்டுள்ள கடனை உணர்த்தியவர், எங்கள் வாசலுக்கு மீன் கொண்டு வந்த ஓர் அம்மையார்.

எண்ணூர்க் குப்பமொன்றிலிருந்து பல ஆண்டுகளாகக் கூடை சுமந்து வருபவர் அவர். கழிமுகத்து இறாலும் நண்டும் மடவையும் அவர் கூடையில் இருக்கும். அவர் சொல்லும் விலையை நாங்கள் ஒரு நாளும் ஏற்றதில்லை. பத்து ரூபாயேனும் குறைத்த பின்னரே பாத்திரத்தை நீட்டுவோம். அதைச் சிக்கனம் என்றே எண்ணியிருந்தோம்.

2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் வந்தது. பெருவெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெயும் பக்கிங்காம் கால்வாய் வழியே இறங்கி, கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தை அடைந்தது. படகுகளும் வலைகளும் வீட்டுச் சுவர்களும் கறுத்தன. மீனவர்களே வாளியும் கையுமாக எண்ணெயை அள்ளினர். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்த் துறைமுகத்தருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோதும் இப்படித்தான் வாளிகளால் அள்ளினார்கள். ஏழாண்டுகளுக்குள் இது இரண்டாம் முறை.

சில வாரங்கள் கழித்து அவ்வம்மையார் வந்தார். கூடையில் காசிமேட்டில் வாங்கிய மீன் இருந்தது. ஆயினும் அஞ்சி, வேண்டாம் என்றோம். மனம் கேளாமல் ஒரு பை அரிசியைக் கொடுத்தோம். அவர் பெற்றுக்கொண்டு அமைதியாகச் சொன்னார்: "அரிசி குடுத்தீங்க, நல்லா இருங்கம்மா. ஆனா ஆத்த எனக்கு யார் திருப்பிக் குடுப்பாங்க?"

அன்றிரவு செபமாலை முடிந்தபின்னும் அக்கேள்வி எங்களை விடவில்லை. லூக்கா நற்செய்தியின் 19ஆம் அதிகாரத்தைத் திறந்தோம். சக்கேயு தன் உடைமைகளில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்க முன்வருகிறார். அது இரக்கம். ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித் தரவும் உறுதி கூறுகிறார். அது நீதி. இவ்விரண்டையும் அவர் சொன்ன பின்னரே அவ்வீட்டிற்கு மீட்பு வந்ததென ஆண்டவர் அறிவிக்கிறார். நாங்களோ முதலாவதைச் சிறிது செய்துவிட்டு, இரண்டாவதை மறந்திருந்தோம். பல ஆண்டுகளாகப் பத்துப் பத்து ரூபாயாகக் குறைத்த தொகைக்கு முன், அந்த அரிசிப் பை எம்மாத்திரம்!

எண்ணெய் வெள்ளத்திற்குப்பின் அரசு 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாயும், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாயும் நிவாரணம் அறிவித்தது. பசித்த வீட்டிற்கு அது தேவையே. ஆயினும் நிவாரணத் தொகை ஆற்றைத் தூய்மையாக்குவதில்லை. அடுத்த மழையில் எண்ணெய் வாராமல் தடுப்பதுமில்லை. ஆற்றில் இறங்கிக் கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் இருளர் குடும்பங்களுக்கு ஆறுதானே வயல்?

இங்கே நமக்கொரு சங்கடம் உண்டு. எண்ணூர், திருவொற்றியூர், மணலி ஆலைகளும் துறைமுகமும் நம் பங்குக் குடும்பங்கள் பலவற்றுக்குச் சோறிடுகின்றன. எங்கள் மகனும் ஓர் ஆலையில்தான் பணிபுரிகிறான். ஆகவே ஆலைகளைப் பழித்துவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள இயலாது. அவன் இக்கேள்வியைச் சுமந்துகொண்டே பலநாள் வேலைக்குச் சென்றான். சென்ற மழைக்காலத்திற்கு முன் நடந்த பணியாளர் கூட்டத்தில் எழுந்து, "நம் கழிவுநீர் வெள்ளக் காலத்தில் எங்கே போகிறது?" என்று கேட்டானாம். குரல் நடுங்கியதாம். சிலர் முகம் சுளித்தனராம். முழுமையான விடை இன்னும் வரவில்லை. ஆயினும் கேள்வி கூட்டக் குறிப்பேட்டில் பதிவாகியுள்ளது.

சச்சரவின்றி வாய்மூடி இருப்பதையே சமாதானம் என்று நாம் பலவேளை எண்ணிவிடுகிறோம். எண்ணெய் படிந்த நீரும் அலையின்றித்தான் கிடக்கும். அதன் அடியிலோ மீன் மூச்சு முட்டிச் சாகும். இரக்கமும் நீதியும் சேர்ந்து பாயும் இடத்தில்தான் ஆண்டவர் தரும் சமாதானம் குடிகொள்ளும்.

இப்போது அவ்வம்மையாரிடம் நாங்கள் பேரம் பேசுவதில்லை. முதல்நாள் அவர் வியப்போடு பார்த்தார், பின்னர் சிரித்தார். சிறிய செயல்தான். சக்கேயுவின் நான்கு மடங்கு இன்னும் பாக்கியிருக்கிறது. அன்புக்குரிய குடும்பத்தாரே, இன்றிரவு செபம் முடிந்து எழுமுன் நம்மை நாமே கேட்போம்: இன்று நாம் யாருக்கு எதைக் கொடுத்தோம்? யாருக்கு எதைத் திருப்பித் தர வேண்டியிருக்கிறது?