மேலே போட்டுக் கொடுங்க ஸார்!

பல்லாவரம் முதல் பெருங்களத்தூர் வரை இப்போது வீட்டுக்கு ஒரு பாஸ்போர்ட் இருக்கிறது. (இல்லாத வீட்டில் 'அப்ளை பண்ணியாச்சு' என்கிறார்கள்.) ஆபீஸில் 'மூணு மாசம் ஆன்சைட்' என்று வாயைத் திறந்து சொல்வதற்குள் ஆலோசனைகள் குவிந்துவிடும். பெரியம்மா புளிக்காய்ச்சல் பாட்டிலோடு வருவார். எதிர்வீட்டு மாமா, 'ஸ்வெட்டர் இங்கே வாங்காதே தம்பி, அங்கேதான் சீப்' என்பார். மேல்மாடி ஆசாமி பிளக் பாயின்ட்டில் எத்தனை ஓட்டை என்று படம் போட்டுக் காட்டுவார். காசை எப்படி எடுத்துப் போவது, போன இடத்தில் யாருக்கு எவ்வளவு கொடுப்பது... இதை மட்டும் ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள்.

ஆபீஸ் புண்ணியத்தில் நாலைந்து நாடு பார்த்தவன் என்பதால் புதிதாகக் கிளம்புகிற பையன்கள் என்னிடம் வருவார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் ஒரு ஆறுதல். 1960களில் வெளிநாடு போனவர்கள் கையில் 8 டாலரோடு விமானம் ஏறியிருக்கிறார்கள். அவ்வளவுதான் அனுமதி! அந்த எட்டு டாலர் கதையைச் சொல்லாத சீனியர் சிட்டிசனே கிடையாது. 2000 ஜூனில் 'ஃபெமா' சட்டம் அமலுக்கு வந்து கெடுபிடி தளர்ந்தது. 2004-ல் தனிநபர் வருஷத்துக்கு 25,000 டாலர் வரை அனுப்பலாம், செலவழிக்கலாம் என்றார்கள். 2015-லிருந்து அது 2,50,000 டாலர். நம்மில் பலருக்கு அந்த உச்சவரம்பால் தொந்தரவு எதுவும் இல்லை!

நமக்குத் தொந்தரவு தரக்கூடிய எண்கள் வேறே. பெரும்பாலான நாடுகளுக்கு ஒரு பயணத்தில் 3,000 டாலர் வரைதான் நோட்டாக எடுத்துப் போகலாம். மிச்சம் கார்டில். அந்த டாலரை வாங்க 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்க முடியாது, பேங்க் வழியாகத்தான். நம் ரூபாய் நோட்டு 25,000 வரை பர்ஸில் இருக்கலாம். சிங்கப்பூர் சிராங்கூன் ரோடு பக்கத்து மணி சேஞ்சர்களிடம் நம் காந்தித் தாத்தா தாராளமாக மாறுவார். டல்லஸில் மாற மாட்டார்.

டாலரை ஏர்போர்ட்டில் போய் மாற்றிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். திரிசூலம் நமக்கு ரெண்டு ஸ்டேஷன் தள்ளித்தான். ஆனால் ஏர்போர்ட் கவுன்ட்டருக்கு, நீங்கள் வேறு எங்கும் போக முடியாது என்பது தெரியும். 'நோ கமிஷன்' என்று போர்டு வேறு இருக்கும். கமிஷன் ரேட்டுக்குள்ளேயே ஒளிந்திருக்கும். வாங்குகிற விலைக்கும் விற்கிற விலைக்கும் எத்தனை இடைவெளி என்று பாருங்கள், புரிந்துவிடும். நாலு நாள் முன்னாலேயே ரெண்டு மூன்று இடத்தில் விசாரித்து மாற்றுவது உத்தமம்.

வாங்கும்போதே சின்ன நோட்டாகவும் கேளுங்கள். தாம்பரத்தில் பஸ் ஏறி 500 ரூபாயை நீட்டினால் கண்டக்டர் ஒரு பார்வை பார்ப்பாரே, அந்தப் பார்வை உலகம் பூராவும் ஒன்றுதான். நம் கண்டக்டராவது டிக்கெட்டுக்குப் பின்னால் பாக்கியை எழுதித் தருவார். அமெரிக்காவில் 100 டாலர் நோட்டை வாங்க மறுக்கிற சின்னக் கடைகள் உண்டு. அந்த ஊரில் ஒரு டாலரும் நூறு டாலரும் ஒரே சைஸ் வேறு. மங்கின வெளிச்சத்தில் எண்ணிக் கொடுக்கும்போது ஜாக்கிரதை.

கார்டு தேய்க்கும்போது மெஷின் பரம சாதுவாக ஒரு கேள்வி கேட்கும்: 'ரூபாயில் கட்டுகிறீர்களா, உள்ளூர் பணத்திலா?' ரூபாய் என்றதும் நம்மூர்ப் பாசம் பொங்கும். கூடாது! உள்ளூர் பணத்தையே அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் ரேட்டை நிர்ணயிப்பது அந்தக் கடையின் பக்கத்து ஆள். அவர் உங்கள் சித்தப்பா இல்லை.

அடுத்தது பெருக்கல் வியாதி. ஆன்சைட் போன முதல் வாரத்தில் எல்லோருக்கும் வரும். காபி இவ்வளவு டாலர் என்றால் மனசு உடனே ரூபாயில் பெருக்கும். 'அடேயப்பா, இந்தக் காசுக்கு குரோம்பேட்டையில் குடும்பத்தோடு டிபன் சாப்பிடலாமே!' பேட்டாவை மிச்சம் பிடித்து சேலையூரில் ரெண்டாவது பெட்ரூம் கட்டுகிற உத்தேசம் இருந்தால் வியாதி முற்றும். ஹோட்டல் ரூமில் குக்கர் விசில் அடிப்பது வரைக்கும் அது உங்கள் சொந்த விஷயம். (ஃபயர் அலாரம் அடித்தால் ஊர் விஷயம்.) ஆனால் இன்னொருத்தருடைய கூலியைப் பெருக்கிப் பார்த்துக் கையை இழுத்துக்கொள்வது சொந்த விஷயம் இல்லை. இங்கேதான் டிப்ஸ் வருகிறது.

டிப்ஸ் நமக்கு ஒன்றும் புதுசில்லை. நம்மிடம் அதற்குப் பெரிய இலக்கணமே இருக்கிறது. ஓட்டலில் பில் தட்டில் சோம்புக்குப் பக்கத்தில் பத்து ரூபாய். போஸ்ட்மேனுக்கும் குப்பை எடுப்பவருக்கும் தீபாவளி இனாம். கல்யாண சமையல்காரருக்குக் கணக்கு தீர்த்த பிறகு வேஷ்டி துண்டு. ஆட்டோக்காரர் 'மேலே போட்டுக் கொடுங்க ஸார்' என்பார். எந்தப் புத்தகத்திலும் இல்லாத இந்த ரூல்ஸ் நமக்கு அத்துபடி. மற்ற ஊர்க்காரர்களுக்கும் அப்படித்தான், எழுதாத ரூல்ஸ் உண்டு. 

டெக்ஸாஸ் போன நண்பர் ஒருவர் சொன்ன கதை. ஆபீஸ் பையன்கள் ஆறு பேர் சாப்பிடப் போனார்கள். பரிமாறிய பெண்மணி ஓடி ஓடிக் கவனித்தாராம். வெஜிடேரியன் என்றால் முட்டையும் கூடாது என்று கிச்சனுக்கு மூன்று தடவை நடந்தாராம். பில் வந்தது. ஆறு பேரும் பைசா சுத்தமாகப் பங்கு பிரித்து, அதற்கு மேல் ஒரு சென்ட் வைக்காமல் எழுந்தார்கள். வாசல் வரை வந்த அந்தப் பெண்மணி கேட்டாராம்: 'நான் ஏதாவது தப்பு செய்துவிட்டேனா?'

கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டிருக்கிறார். அந்த ஊரில் டிப்ஸ் வைக்காமல் போனால், 'உன் வேலை சரியில்லை' என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி.

காரணம் இருக்கிறது. அமெரிக்க மத்திய சட்டப்படி, டிப்ஸ் வாங்குகிற ஊழியருக்கு முதலாளி கையிலிருந்து தர வேண்டிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2 டாலர் 13 சென்ட். 1991-லிருந்து அது நகரவே இல்லை. டெக்ஸாஸில் அதே ரேட்தான். மற்ற ஊழியர்களுக்கான குறைந்தபட்சம் 7 டாலர் 25 சென்ட். இடைவெளியை நிரப்புவது டிப்ஸ். அது போதாவிட்டால் மிச்சத்தை முதலாளி ஈடுகட்ட வேண்டும் என்பது சட்டம். கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்களில் இந்தக் கழிவு கிடையாது, முழுக் கூலி கொடுத்தாக வேண்டும். ஆனாலும் டிப்ஸ் பழக்கம் அங்கேயும் உண்டு. உட்கார்ந்து சாப்பிட்டால் 15-லிருந்து 20 சதவீதம் வைத்துவிட வேண்டும். அதைச் சாப்பாட்டு விலையில் ஒரு பகுதி என்றே நினைத்துக்கொள்ளுங்கள். கட்டுப்படியாகாதென்றால் கவுன்ட்டரில் வாங்கிச் சாப்பிடுங்கள், ஒருத்தரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

இதையே ஜப்பானில் செய்தால் விபரீதம். டேபிளில் வைத்த சில்லறையை மறந்து போய்விட்டீர்கள் என்று நினைத்து எடுத்துக்கொண்டு பின்னாலேயே வருவார்கள். அங்கே நன்றாகப் பரிமாறுவது வேலையில் சேர்த்தி. அதற்குத் தனியாகக் காசு கொடுத்தால் குழப்பம்தான் மிஞ்சும். ஜெர்மனியில் பில்லை ரவுண்டாக்கி, 'இவ்வளவு எடுத்துக்கொள்ளுங்கள்' என்று வாயால் சொல்லிவிட வேண்டும். டிப்ஸுக்கு அவர்கள் பாஷையில் 'குடிக்கக் காசு' என்று அர்த்தம். நம் 'டீ செலவுக்கு வெச்சுக்கோ'வுக்கு ஒன்றுவிட்ட தம்பி!

சிங்கப்பூரில் பெரிய ரெஸ்டாரன்ட் மெனுவில் விலைக்குப் பக்கத்தில் ரெண்டு கூட்டல் குறி இருக்கும். ஒன்று 10 சதவீத சர்வீஸ் சார்ஜ், இன்னொன்று ஜி.எஸ்.டி. (2024-லிருந்து 9 சதவீதம்). இதற்கு மேல் டிப்ஸை யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஹாக்கர் சென்டர்களில் டிப்ஸே கிடையாது. ஆனால் ஒரு கடமை இருக்கிறது. சாப்பிட்ட தட்டை நீங்களே எடுத்துப் போய் வைக்க வேண்டும். 2021 செப்டம்பரிலிருந்து அது சட்டம். முதல் தடவை எச்சரிக்கை, அடுத்த தடவை 300 டாலர் அபராதம். அங்கே மேஜை துடைப்பவர்களில் வயசானவர்கள் நிறைய. டெக்கா சென்டரில் தட்டை நான் எடுத்துப் போனபோது ஒரு கிழவர் தலையை ஆட்டிச் சிரித்தார். டிப்ஸ் என்றால் காசுதான் என்று யார் சொன்னது?

ஒரு சந்தோஷ சமாசாரம். சிங்கப்பூர் நாணயத்தில் 'சிங்கப்பூர்' என்று தமிழில் இருக்கும். இலங்கை நோட்டிலும் தமிழ் உண்டு. மொரீஷியஸில் 1998-ல் புது நோட்டு அடித்தபோது தமிழ் எழுத்தை வழக்கமான இடத்திலிருந்து கீழே இறக்கிவிட்டார்கள். அங்கத்திய தமிழர்கள் கொதித்துப்போய், கடைசியில் அந்த நோட்டுகளையே வாபஸ் வாங்க வேண்டியதாயிற்று. அங்கேயெல்லாம் காசைக் கையில் வாங்கினால் ஒரு நிமிஷம் படித்துப் பாருங்கள். (2024 பிப்ரவரியிலிருந்து இலங்கையிலும் மொரீஷியஸிலும் யு.பி.ஐ. செல்லும். வசதிதான், தமிழ்தான் கண்ணில் படாது.)

மிஞ்சின டாலர் நோட்டு 2,000 வரை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் இருந்தால் 180 நாளுக்குள் மாற்றிவிட வேண்டும். சில்லறை நாணயத்துக்கு வரம்பு கிடையாது. காரணம் லேசானது: அதை எந்த மணி சேஞ்சரும் தொடமாட்டார். கிளம்புகிற அன்று ரூமைச் சுத்தம் செய்த அம்மாளுக்கு, பழக்கமுள்ள ஊராக இருந்தால், நாணயத்தைக் குவிக்காமல் ஒரு நோட்டாக வைத்துவிட்டு வாருங்கள்.

ஆக, ஒவ்வொரு ஊருக்கும் ஒரு லிஸ்ட் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரே கேள்வி போதும்: எனக்குப் பரிமாறுகிறவருக்குச் சம்பளம் கொடுப்பது யார்? முதலாளி என்றால் நன்றி சொன்னால் போதும். பில்லிலேயே போட்டிருந்தால் கட்டிவிட்டு எழுந்திருக்கலாம். நாம்தான் என்றால் பெருக்கிப் பார்க்காமல் கொடுக்க வேண்டும்.

அந்தக் கேள்வியை மட்டும் ஏர்போர்ட்டிலேயே விட்டுவிட்டு வருகிறோம் என்பதுதான் எனக்கு வருத்தம். அமெரிக்காவில் கூசாமல் 20 சதவீதம் வைத்துப் பழகிய நம்மவர், ஐப்பசி மழையில் முட்டளவுத் தண்ணீரில் பைக்கைத் தள்ளிக்கொண்டு, மூணு மாடி ஏறி வந்து இட்லி கொடுக்கிற டெலிவரி பையனிடம் 'பன்னிரண்டு நிமிஷம் லேட்' என்கிறார். அந்தப் பையனுக்கு மாசச் சம்பளம் கிடையாது, ஆர்டருக்கு இத்தனை என்று கணக்கு. அவன் வாயைத் திறந்து 'மேலே போட்டுக் கொடுங்க ஸார்' என்றும் கேட்க மாட்டான். கேட்டால் கம்ப்ளெயின்ட் போய்விடுமோ என்ற பயம்.

கேட்காதவனுக்குத்தான் முதலில் கொடுக்க வேண்டும். இதில் எக்ஸ்சேஞ்ச் ரேட் பிரச்னை கூட இல்லையே ஸார்!