விரல் வைத்துப் படிக்கும் பாடம்

பயிற்சிக்கு வருகிறவர்களிடம் உடம்பின் நடுப்பகுதியைத் தாங்கும் ‘கோர்’ தசைகள் எங்கே இருக்கின்றன என்று கேட்டால், பெரும்பாலானோர் தொப்புளைச் சுற்றித் தட்டிக் காட்டுவார்கள். அங்கே இருப்பது நேர்வயிற்றுத் தசை. நெஞ்சுக்குக் கீழிருந்து இடுப்பின் முன்னெலும்பு வரை இறங்கும் இரண்டு பட்டைகள் அவை. குறுக்கே ஓடும் நார்க்கீற்றுகள் அவற்றைக் கட்டம் கட்டமாகப் பிரிப்பதைத்தான் சிக்ஸ் பேக் என்கிறோம். உடம்பை முன்பக்கம் மடக்குவது அதன் முக்கிய வேலை. முதுகைத் தாங்குவதற்கு உள்ளே வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

ஜிம் சுவரில் மாட்டியிருக்கும் படம் மேல்தசைகளைத்தான் பெரிதாகக் காட்டும். ஆழத்துத் தசைகளைப் படத்தில் பார்த்து மனப்பாடம் செய்தால் மறந்துபோகும். விரல் வைத்துப் பார்த்தால் மறக்காது.

மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்குங்கள். இடுப்பின் முன்பக்கம் இருபுறமும் துருத்தி நிற்கும் எலும்பைத் தொட்டு, அங்கிருந்து இரண்டு விரற்கடை உள்ளே, சற்றுக் கீழே விரல்நுனிகளை அழுத்துங்கள். மூச்சை விட்டபடி அடிவயிற்றை மெல்ல உள்ளிழுங்கள். துணியை இழுத்துப் பிடித்தாற்போல ஒரு சன்னமான இறுக்கம் தெரிந்தால், அதுதான் குறுக்குவயிற்றுத் தசை. விரலை வெளியே தள்ளும்படி புடைத்தால் நீங்கள் அதிகம் முக்குகிறீர்கள். அதற்கு மேலே படிந்திருக்கும் உட்சாய்வுத் தசை முந்திக்கொண்டது. நல்ல பளு தூக்குகிறவர்களே இந்த இடத்தில் திணறுவதைப் பார்த்திருக்கிறேன்.

இந்தத் தசை கீழ் ஆறு விலாக்களிலும் இடுப்பெலும்பிலும் முதுகின் நார்ப்படலத்திலும் பற்றிக்கொண்டு வயிற்றைச் சுற்றி வருகிறது. மேலே உதரவிதானம், கீழே இடுப்புத்தளத் தசைகள், பின்னால் முள்ளெலும்புகளை ஒட்டிய மல்டிஃபிடஸ். நான்கும் ஒன்றாக இறுகும்போது வயிற்றுக்குள் அழுத்தம் ஏறி முதுகெலும்புக்குப் பிடிமானம் கிடைக்கிறது. ஆஸ்திரேலியாவின் பால் ஹாட்ஜஸும் கரோலின் ரிச்சர்ட்சனும் 1996-இல் வெளியிட்ட ஆய்வை நான் அடிக்கடி சொல்வதுண்டு. கையைத் தூக்கச் சொன்னால், தோள்தசை இயங்கும் முன்பே குறுக்குவயிற்றுத் தசை இறுகிவிடுகிறது. கீழ்முதுகு வலி உள்ளவர்களிடம் அந்த இறுக்கம் தாமதமாக வந்தது.

பாதத்தை இன்னொருவர் அமுக்கிப் பிடிக்க, மளமளவென்று எழும் சிட்-அப்பை நான் யாருக்கும் கொடுப்பதில்லை. அதில் சோயாஸ் தசை பெரும் பங்கு வேலை செய்கிறது. கீழ்முதுகு முள்ளெலும்புகளில் தொடங்கித் தொடையெலும்பில் முடியும் தசை அது. இழுக்கும் இழுப்பெல்லாம் முதுகில்தான் விழுகிறது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பை ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில் பரிந்துரைத்த மூன்று பயிற்சிகளே எனக்குப் போதும்: தலையையும் தோளையும் சற்றே உயர்த்தும் கர்ல்-அப், பக்கவாட்டு பிளாங்க், நாலுகாலில் நின்று எதிரெதிர் கையையும் காலையும் நீட்டும் பேர்ட் டாக்.

மூச்சை இயக்கும் உதரவிதானமும் முதுகைத் தாங்கும் அந்த நான்கில் ஒன்று என்பதால் மூச்சைக் கவனித்தே ஆகவேண்டும். அடுத்தமுறை பிளாங்க் நிற்கும்போது வாய்விட்டுப் பேசிப் பாருங்கள். பேச்சு வரவில்லையென்றால், முழங்கால்களைத் தரையில் ஊன்றிக்கொண்டு செய்யுங்கள்.